இந்த ஸ்கிரிப்ட் எங்கே ஓடுகிறது?

போன இதழில் எக்ஸெல்லுக்குள்ளேயே பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதலாம் என்று ஒரே ஒரு வரி போட்டிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களால் மேசை நிறைந்துவிட்டது. அதனால் இந்த முறை பக்கம் முழுக்க ஷீட்டுக்குள் ஓடும் ஸ்கிரிப்ட்கள், அதாவது சிறு நிரல்கள்தான்.

கே: எங்கள் மேனேஜரின் எக்ஸெல்லில் ‘இன்சர்ட் பைத்தான்’ என்று ஒரு பட்டன் இருக்கிறது. என்னுடையதில் இல்லை. அவர் அனுப்பிய ஃபைலைத் திறந்தால் விடை தெரிகிறது, ஏதாவது ஒரு செல்லை மாற்றினால் பிழை வந்து நிற்கிறது. பைத்தானைத் தனியாக இன்ஸ்டால் செய்தும் பார்த்துவிட்டேன். இதில் சம்பளப் பட்டியலைப் போடச் சொல்கிறார். போடலாமா?
— பின்னலாடை நிறுவனக் கணக்காளர், திருப்பூர்

ப: நீங்கள் இன்ஸ்டால் செய்த பைத்தானுக்கும் அவருடைய எக்ஸெல்லில் இருக்கும் பைத்தானுக்கும் சம்பந்தமே கிடையாது. அவர் செல்லில் எழுதும் நிரல் அவருடைய கம்ப்யூட்டரில் ஓடுவதில்லை, மைக்ரோசாஃப்டின் சர்வரில் ஓடி விடை மட்டும் திரும்பி வருகிறது. அனகோண்டா நிறுவனத்தின் பைத்தான் தொகுப்பைச் சேர்த்துக்கொண்டு 2023 ஆகஸ்டில் இதை அறிவித்தார்கள். 2024 செப்டம்பரில், விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் 365 வணிகச் சந்தா வைத்திருப்பவர்களுக்குப் பொதுவாகத் திறந்துவிட்டார்கள். ஒரே தடவை பணம் கட்டி வாங்கிய 2016, 2019 எக்ஸெல்லில் இது இல்லை. உங்களுக்குத் தெரிந்தது, அவர் கடைசியாகக் கணக்கிட்டபோது ஃபைலில் பதிந்து போன விடை. செல்லை மாற்றியதும் மறுபடி கணக்கிடப் பார்க்கிறது, கணக்கிட ஆள் இல்லை, அதனால் பிழை.

அவருடைய கம்ப்யூட்டரில் உட்கார வாய்ப்புக் கிடைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். பைத்தான் செல்லில் என்டர் தட்டினால் அடுத்த வரிக்குத்தான் போகும். ஓட வைக்க கன்ட்ரோலையும் என்டரையும் சேர்த்து அழுத்த வேண்டும். பைத்தான் செல்கள் ஓடும் வரிசையும் வேறு. சாதாரண ஃபார்முலா எந்த மூலையில் இருந்தாலும் தனக்கு வேண்டிய செல்லைத் தேடிப் போய்விடும். பைத்தான் செல்களோ முதல் ரோவில் இடமிருந்து வலம், பிறகு அடுத்த ரோ, அந்த ஷீட் முடிந்ததும் வலப்பக்க ஷீட் என்று வரிசையாகத்தான் ஓடும். ஓவர்டைம் விகிதத்துக்கு பி2 செல்லில் ஒரு பெயர் வைத்துவிட்டு, ஏ2 செல்லில் அந்தப் பெயரைக் கேட்டால், அப்படி ஒரு பெயரே இல்லை என்று பிழை வரும். ஏ2 ஓடும்போது பி2 இன்னும் ஓடியிருக்காது. பொதுவாக வேண்டியதை எல்லாம் முதல் ஷீட்டின் மேல் இடது மூலையில் வைத்துவிடுங்கள்.

இனி சம்பளம். நிரல் எந்தப் பகுதியைப் படிக்கிறதோ அந்தப் பகுதியில் உள்ள விவரம் அந்த சர்வருக்குப் போகும். அங்கே அது தனியாகப் பிரித்து வைத்த இடத்தில் ஓடுகிறது, நிரலால் இன்டர்நெட்டையோ உங்கள் கம்ப்யூட்டரின் மற்ற ஃபைல்களையோ தொட முடியாது என்கிறது மைக்ரோசாஃப்ட். அது நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் தொழிலாளியின் சம்பளம் வெளியே போகலாமா என்பது நீங்களோ மேனேஜரோ தனியாக முடிவு செய்கிற காரியம் இல்லை. முதலாளியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கிடைத்தாலும் பெயர், வங்கிக் கணக்கு எண் இரண்டையும் விட்டுவிட்டு டோக்கன் நம்பரை மட்டும் பைத்தானுக்குக் கொடுங்கள். விடை வந்த பிறகு, பட்டியலில் தேடி எடுக்கும் எக்ஸ்லுக்கப் ஃபார்முலாவைப் போட்டுப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம்.

எதுவும் வெளியே போகக் கூடாது என்றால் எக்ஸ்எல்விங்ஸ் என்ற தொகுப்பு இருக்கிறது. அது நீங்கள் இன்ஸ்டால் செய்த அதே பைத்தானை எக்ஸெல்லோடு இணைக்கும், பழைய எக்ஸெல்லிலும் வேலை செய்யும். செல்லுக்குள் ஃபார்முலா போல எழுதும் வசதி மட்டும் விண்டோஸில்தான். ஃபைலைத் திறக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் பைத்தானும் அந்தத் தொகுப்பும் இருக்க வேண்டும். உங்கள் ஆபீஸில் அந்த ஷீட்டைத் தொடுபவர்கள் இரண்டு மூன்று பேர்தான் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

கே: நெல் மண்டி வைத்திருக்கிறோம். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸில் பில் போடுகிறோம், கடையில் இன்டர்நெட் கிடையாது. தொகையைப் போட்டதும் கீழே தமிழில் எழுத்தால் வர வேண்டும். கல்லூரியில் படிக்கும் மகள் பைத்தானில் எழுதிவிட்டாள். ஆனால் செல்லில் அந்த ஃபங்ஷன் பெயரைப் போட்டால் லிப்ரே ஆபீஸுக்குத் தெரியவில்லை.
— மண்டி உரிமையாளர், தஞ்சாவூர்

ப: இந்தக் கடிதம் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. எக்ஸெல்லில் எண்ணைத் தாய்லாந்து மொழியில் எழுத்தாக்க பாட்டெக்ஸ்ட் என்று ஒரு ஃபங்ஷன் கூடவே வருகிறது. தமிழுக்கு அப்படி ஒன்று இல்லை. அதை உங்கள் மகளே எழுதிவிட்டார்.

அவர் தப்பு எதுவும் செய்யவில்லை. லிப்ரே ஆபீஸில் பைத்தான் மேக்ரோவை, அதாவது அதற்குள் ஓடும் சிறு நிரலை, மெனுவிலிருந்தோ பட்டனிலிருந்தோ ஓட்டலாம். ஆனால் செல்லின் ஃபார்முலாவுக்கு பைத்தான் ஃபங்ஷன் நேராகத் தெரியாது, லிப்ரே ஆபீஸோடு வரும் பேசிக் என்ற நிரல்மொழியில் எழுதிய ஃபங்ஷன்தான் தெரியும். அதனால் நடுவில் பேசிக்கில் நான்கைந்து வரியில் ஒரு பாலம் போட வேண்டும். பேசிக் ஃபங்ஷன் தொகையை வாங்கிக்கொள்ளும். ஸ்கிரிப்ட்களைத் தேடித் தரும் மாஸ்டர் ஸ்கிரிப்ட் புரொவைடர் என்ற பகுதியைக் கூப்பிட்டு, இன்ன ஃபைல், இன்ன ஃபங்ஷன், மொழி பைத்தான், இடம் யூசர் என்று சொல்லும். பிறகு இன்வோக் செய்து, அதாவது ஓட வைத்து, வரும் விடையைச் செல்லுக்குக் கொடுக்கும். இந்த பேசிக் ஃபங்ஷனை ‘ஸ்டாண்டர்ட்’ என்ற நூலகத்தில் வையுங்கள். மற்ற நூலகங்கள் ஃபைலைத் திறந்ததும் தானாக ஏறாது.

பைத்தான் ஃபைலை வைக்கும் இடமும் முக்கியம். விண்டோஸில் ஆப்டேட்டா, ரோமிங், லிப்ரே ஆபீஸ், 4, யூசர் என்று உள்ளே போய், அங்கே ஸ்கிரிப்ட்ஸ் என்ற ஃபோல்டர், அதற்குள் பைத்தான் என்ற ஃபோல்டர். முதல் தடவை இவை இருக்காது, நீங்களே உருவாக்க வேண்டும். புதிய லிப்ரே ஆபீஸ் போட்டிருந்தாலும் அந்த ஃபோல்டரின் பெயர் 4 தான், குழம்ப வேண்டாம். உபுண்டு என்றால் பைத்தான் ஸ்கிரிப்ட் புரொவைடர் என்ற தொகுப்பைத் தனியாகப் போட வேண்டியிருக்கும். ஃபைலில் தமிழ் இருப்பதால் யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள்.

அப்புறம், மகளிடம் இதையும் சொல்லுங்கள். ஆங்கிலத்துக்கு எழுதிய நிரலைப் பார்த்து எழுதியிருந்தால் தமிழில் இடறும். நம் எண்ணுப் பெயர்கள் ஒட்டுப் போட்டு வருபவை இல்லை. ஒன்பது பத்துகள் தொண்ணூறு, அதில் நூறு ஒலிக்கிறது. ஒன்பது நூறுகள் தொள்ளாயிரம், அதில் ஆயிரம் ஒலிக்கிறது. ஆனால் ஒன்பது ஆயிரம், ஒன்பதாயிரம்தான். எட்டு, எண்பதில் ஒரு மாதிரி, எட்டாயிரத்தில் வேறு மாதிரி. இதற்கெல்லாம் விதி எழுதிக்கொண்டு உட்காராமல், 1 முதல் 99 வரைக்கும், 100 முதல் 900 வரையான நூறுகளுக்கும் சொற்களை நிரலின் தலைப்பிலேயே, வரிக்கு ஒன்றாக எழுதி வைத்துவிடச் சொல்லுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் நிரல் தெரியாத நீங்களே கண்டுபிடித்துத் திருத்தலாம்.

ஆயிரங்களுக்கு மட்டும் அழகான குறுக்குவழி ஒன்று இருக்கிறது. ஒன்று முதல் தொண்ணூற்றொன்பது வரை எந்த எண்ணை வேண்டுமானாலும் சொல்லிப் பாருங்கள், எல்லாமே உகரத்தில்தான் முடிகின்றன. கம்ப்யூட்டரில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோட் முறையில் அந்த உகரக் குறி தனி ஒரு குறியீடாக நிற்கும். கடைசி ஒன்றை வெட்டிவிட்டு, துணைக்காலையும் ‘யிரம்’ என்பதையும் ஒட்டினால் இரண்டு இரண்டாயிரமாகும், பத்து பத்தாயிரமாகும், தொண்ணூற்றெட்டு தொண்ணூற்றெட்டாயிரமாகும். இந்த ஒரு வரியை முதன்முதலில் ஓட்டிப் பார்த்த இரவு, பள்ளியில் படித்த புணர்ச்சி இலக்கணம் கண்முன்னே வேலை செய்வதைப் பார்த்து நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒன்றில் முடியும் எண்களுக்கு மட்டும் விலக்கு வேண்டும். ‘ஒன்றாயிரம்’ என்று வந்துவிடக் கூடாது, ஒன்றுக்கு ஆயிரம் போதும், பதினொன்று பதினோராயிரமாகும், இருபத்தொன்று இருபத்தோராயிரமாகும். லட்சத்துக்கு ‘ஒரு’.

பின்னால் ஏதாவது தொகை இருந்தால் நூறு நூற்றாகவும், ஆயிரம் ஆயிரத்தாகவும், லட்சம் லட்சத்தாகவும் மாற வேண்டும். எதுவும் இல்லையென்றால் அப்படியே நிற்க வேண்டும். அதனால் கோடி, லட்சம், ஆயிரம், நூறு என்று ஒவ்வொன்றாக வகுத்து, ஒவ்வொரு இடத்திலும் மீதி பூஜ்யமா என்று பார்க்க வேண்டும். 1,98,945 போட்டால் ‘ஒரு லட்சத்துத் தொண்ணூற்றெட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தைந்து’ என்று வர வேண்டும். 1,00,000 போட்டால் ‘ஒரு லட்சம்’ என்பதோடு நிற்க வேண்டும். இந்த இரண்டையும் கட்டாயம் சோதியுங்கள்.

பைசாவில் ஒரு கண்ணி இருக்கிறது. லிப்ரே ஆபீஸ் தொகையைப் பைத்தானுக்குத் தசம எண்ணாகத்தான் அனுப்பும். பைத்தானில் 0.29 ஐ 100 ஆல் பெருக்கினால் 29 வராது, 28.999999999999996 வரும். புள்ளிக்குப் பின்னால் உள்ளதை அப்படியே வெட்டினால் 29 பைசா 28 ஆகிவிடும். முதலில் மொத்தத் தொகையை 100 ஆல் பெருக்கி முழு எண்ணாக்கும்படி ரவுண்ட் செய்துவிட்டு, அப்புறம் ரூபாய் வேறு பைசா வேறு என்று பிரியுங்கள். விவசாயியின் கையில் போகிற சீட்டு அது, ஒரு பைசாவும் தவறக் கூடாது.

கே: கூகுள் ஷீட்டில் மாணவர் மதிப்பெண்களைக் கூட்ட ஸ்கிரிப்ட் எழுதினேன். ஓடிக்கொண்டே இருந்து நேரம் முடிந்தது என்று நின்றுவிடுகிறது.
— ஆசிரியை, விழுப்புரம்

ப: ஒவ்வொரு செல்லாகப் படித்து ஒவ்வொரு செல்லாக எழுதுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஸ்கிரிப்ட் ஷீட்டிடம் போய்க் கேட்டுத் திரும்பி வர வேண்டும், நேரமெல்லாம் அந்த நடையில் போகிறது. கெட்வேல்யூஸ் என்று ஒரே தடவையில் மொத்தப் பகுதியையும் எடுத்து, உள்ளேயே கூட்டி, செட்வேல்யூஸ் என்று ஒரே தடவையில் திருப்பி வையுங்கள். அங்கே ஓடுவது ஆப்ஸ் ஸ்கிரிப்ட், அதாவது ஜாவாஸ்கிரிப்ட், கூகுளின் சர்வரில். ஒரு ஓட்டத்துக்கு 6 நிமிடம், செல்லில் போடும் ஃபங்ஷன் என்றால் 30 விநாடி. வெறும் கூட்டல்தான் என்றால் ஸ்கிரிப்டே வேண்டாம், நிபந்தனை வைத்துக் கூட்டும் சம்இஃப்ஸ் ஃபார்முலா போதும்.

கே: நன்கொடையாளர் பட்டியலை பைத்தான் கொண்டு அகரவரிசைப்படுத்தினேன். கனகா, கபிலனுக்கு முன்னால் வருகிறார். ஏன்?
— கோயில் அலுவலகப் பணியாளர், கும்பகோணம்

ப: பைத்தானின் சார்ட்டட் ஃபங்ஷனுக்குத் தமிழ் அகரவரிசை தெரியாது. யூனிகோடில் எழுத்துக்கு என்ன எண்ணோ அந்த எண் வரிசையில் அடுக்குகிறது. யூனிகோடில் னகரத்தை நகரத்துக்குப் பக்கத்திலும், றகரத்தை ரகரத்துக்குப் பக்கத்திலும் வைத்திருக்கிறார்கள். அதனால் ன, ப-வுக்கு முந்திவிடுகிறது. நம் வரிசையில் கபிலன், கமலா, கலா, கனகா என்றுதான் வர வேண்டும். புள்ளியின் எண்ணும் உயிர்மெய்க் குறிகளுக்கெல்லாம் பின்னால் இருக்கிறது. அதனால் கணேசன் முன்னாலும் கண்ணன் பின்னாலும் வருவார்கள், அகராதி வரிசையில் கண்ணன்தான் முதலில். ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் தொகுப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். அது ‘தமிழ்’ என்பதை மூன்று எழுத்தாகச் சரியாகப் பிரித்துக் கொடுக்கும். வெறும் பைத்தானும் எக்ஸெல்லின் லென் ஃபங்ஷனும் அதை ஐந்து என்றுதான் எண்ணும். பிரித்த எழுத்துகளுக்கு நம் வரிசைப்படி எண் கொடுத்து அடுக்கினால் சரியாகிவிடும்.

பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் சேர்க்கும்போது சில பெயர்கள் ஒட்டாமல் நிற்கலாம். ‘கோ’ என்ற எழுத்தை ஓகாரக் குறி ஒன்றாகவும் தட்டலாம், இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் தட்டலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, பைத்தானுக்கு வேறு வேறு. பெயர்களை முதலில் யூனிகோட் நார்மலைஸ் செய்து, அதாவது எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டு ஒப்பிடுங்கள். கோவிந்தன், சோமசுந்தரம் எல்லாம் வந்து சேர்ந்துவிடுவார்கள்.

கே: ஸ்கிரிப்ட் பிழை எதுவும் காட்டாமல் முடிந்தால், விடை சரி என்று எடுத்துக்கொள்ளலாமா?
— டேட்டா என்ட்ரி ஊழியர், சேலம்

ப: கூடாது. 2020-இல் இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்கிறேன். கொரோனா பரிசோதனை முடிவுகளை ஆய்வகங்களிலிருந்து தானாக எடுத்து எக்ஸெல்லில் நிரப்பும் ஏற்பாடு ஒன்றை அந்நாட்டின் பொதுச் சுகாதார அமைப்பு வைத்திருந்தது. அது பழைய எக்ஸ்எல்எஸ் வடிவம். அதில் 65,536 ரோதான் இருக்கும், புதிய வடிவத்தில் 10,48,576. ஒரு நோயாளிக்குப் பல ரோ தேவைப்பட்டதால் ஷீட் சீக்கிரம் நிறைந்தது. மிஞ்சியது சத்தமில்லாமல் விடுபட்டது. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 நோயாளிகள் கணக்கில் வராமல் போனார்கள். அவர்களோடு பழகியவர்களுக்கும் எச்சரிக்கை தாமதமாகத்தான் போனது.

ஷீட்டின் மேலேயே இரண்டு செல் ஒதுக்குங்கள். ஒன்றில் உள்ளே வந்த ரோ எத்தனை, இன்னொன்றில் வெளியே வந்த ரோ எத்தனை. பணம் என்றால் மொத்தத் தொகையும். ஒத்துப்போகாவிட்டால் அந்தச் செல் சிவப்பாக மாறட்டும். சரிபார்ப்பதை ஸ்கிரிப்டிடமே விடாமல் சாதாரண ஃபார்முலாவில் எழுதுங்கள்.

கே: மெயிலில் வந்த மேக்ரோ ஃபைலைத் திறந்தால் மேலே சிவப்புப் பட்டை வருகிறது, ஓட மறுக்கிறது.
— வாசகர், புதுச்சேரி

ப: இன்டர்நெட் வழியாக வந்த ஃபைல்களின் மேக்ரோக்களை 2022-இலிருந்து எக்ஸெல் தானாகவே தடுக்கிறது. அனுப்பியவர் தெரிந்தவர்தானா என்று போன் போட்டுக் கேளுங்கள். உறுதியானால் ஃபைலின் பிராப்பர்ட்டீஸில் ‘அன்பிளாக்’ கொடுத்துவிட்டுத் திறக்கலாம். யார் என்று தெரியாவிட்டால் அழித்துவிடுங்கள்.

கே: எங்கள் மில்லின் இன்வாய்ஸ் ஷீட்டை எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். பட்டனை அழுத்தினால் வேலை நடக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. புதிய கம்ப்யூட்டர் வந்திருக்கிறது, மாற்றப் பயமாக இருக்கிறது.
— ஸ்டோர் கிளார்க், ராஜபாளையம்

ப: உங்கள் பயம் நியாயமானது. நானும் இருபது வருடம் நூல் மில் கணக்கில் இருந்தவன். நான் வேலை பார்த்த ஒரு மில்லில் கவுண்ட் (நூலின் மென்மை அளவு) வாரியாக நூல் விலையைப் படித்து இன்வாய்ஸ் போடும் மேக்ரோ இருந்தது. விலைப் பட்டியல் டி டிரைவில் ஒரு தனி ஃபைல். கம்ப்யூட்டரை மாற்றினோம், புதியதில் டி டிரைவே இல்லை. மேக்ரோவோ நிற்கவில்லை. ‘ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்’ என்ற வரி உள்ளே இருந்தது, அதாவது பிழை வந்தாலும் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போ என்று. ஷீட்டில் கிடந்த பழைய விலையிலேயே பதினொரு நாள் இன்வாய்ஸ் போனது. 40-ஆம் கவுண்ட் விலை மாறியிருக்கிறதே என்று கேட்டு ஒரு வாடிக்கையாளர் போன் செய்த பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொருவருக்கும் டெபிட் நோட் போட்டு, பேசி, வருத்தம் தெரிவித்து, மூன்று மாதம் ஆனது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். பழைய கம்ப்யூட்டரில் ஆல்ட், எஃப்11 அழுத்தினால் மேக்ரோ திறக்கும். எல்லாவற்றையும் எக்ஸ்போர்ட் செய்து ஒரு பிரதி எடுத்துவிடுங்கள், அச்சிட்டும் வையுங்கள். புரியாவிட்டாலும் பரவாயில்லை, சில இடங்களைத் தேடுங்கள். டிரைவ் எழுத்தும் சாய்கோடும் வரும் வரிகளைத் தேடினால் எந்தெந்த வெளி ஃபைலைத் தொடுகிறது என்று தெரியும். நான் மேலே சொன்ன அந்த வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் பிரதி ஒன்றில் அதை நீக்கிவிட்டு ஓட்டுங்கள், மறைந்து கிடந்த பிழையெல்லாம் வெளியே வரும். டூல்ஸ் மெனுவில் ரெஃபரன்சஸ் திறந்து, ‘மிஸ்ஸிங்’ என்று எதற்காவது முன்னால் வருகிறதா என்று புதிய கம்ப்யூட்டரில் பாருங்கள். புதிய ஆபீஸ் பெரும்பாலும் 64 பிட்டாக இருக்கும். பழைய மேக்ரோவில் ‘டிக்ளேர்’ என்று தொடங்கும் வரிகள் இருந்தால் அங்கே நிற்கும், அவற்றில் பிடிஆர்சேஃப் என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். எண்களின் வகையையும் பார்க்க வேண்டியிருப்பதால், இதற்கு மட்டும் தெரிந்த ஒருவரை உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

இதை எழுதியவரின் போன் நம்பர் இருந்தால் கூப்பிடுங்கள். கோபமாக இல்லாமல், ஒரு மணி நேரம் கேளுங்கள். எந்த ஃபைல் எங்கே, எந்த நாளில் எதை மாற்றுவார், இந்த இரண்டையும் அவர் சொல்லச் சொல்ல, அதே வொர்க்புக்கில் முதல் ஷீட்டாக எழுதி வையுங்கள்.

பிறகு போன மாத இன்வாய்ஸ் முழுவதையும் இரண்டு கம்ப்யூட்டரிலும் ஓட்டி, வரிக்கு வரி ஒப்பிடுங்கள். எல்லாம் ஒத்துப்போகும்வரை அந்தப் பழைய கம்ப்யூட்டரை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், ஃபார்மட்டும் செய்ய விடாதீர்கள்.